அம்மிச்சி குரல் இருந்த ஃபோல்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி டிரைவில் இடம் இல்லையென்று பழைய ஃபோல்டர்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். ‘அம்மிச்சி’ என்று ஒன்று, ‘அம்மிச்சி காப்பி’ என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று முதலாவதை ஷிப்ட் சேர்த்து டெலீட் செய்தேன். அப்புறம் காப்பியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஷிப்ட் அழுத்தியதால் ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

அதில் இருந்தது அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், பேச்சு. 2012-இல் காங்கேயத்துக்குப் பக்கத்தில் அப்பிச்சி (தாத்தா) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைய நோக்கியா போனில் பதிந்த 17 பதிவுகள். சந்தகைக்கு (எங்கள் பக்கத்து இடியாப்பம்) மாவு எந்தப் பதத்தில் வேக வேண்டும், கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மாடு மேய்த்த காலம், அப்பிச்சியோடு சண்டை போட்ட கதை, எல்லாம். அம்மிச்சி போய் எட்டு வருஷமாகிறது. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "மாமா, எதையும் தொடாதீங்க. புதுசா எதையும் டவுன்லோடு பண்ணாதீங்க. ஆஃப் பண்ணி வைங்க, நான் வர்றேனுங்க" என்றான். அதற்குள் நான் ஒரு ரெக்கவரி சாப்ட்வேரை இறக்க ஆரம்பித்திருந்தேன், அதுவும் அதே டி டிரைவுக்கு. பாதியிலேயே நிறுத்தினேன்.

ஏன் தொடக்கூடாது என்பதை அவன் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. டெலீட் செய்ததும் ஹார்ட் டிஸ்கில் ஃபைல் உடனே அழிவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பட்டாவில் பேரை அடித்துவிட்டால் காடு எங்கே போய்விடும்? அடுத்தவன் வந்து உழுது விதைக்கிறவரை அங்கேயேதான் கிடக்கும். நான் இறக்கிய சாப்ட்வேர் அந்த உழவைத்தான் தொடங்கியிருந்தது.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளில் தன் லேப்டாப்பில் மாட்டினான். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு சாப்ட்வேர்கள். பிரான்ஸ்காரரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகக் கொடுத்திருப்பவை. டெஸ்ட்டிஸ்கில் பேரோடு ஒன்பது பதிவுகள் கிடைத்தன. மிச்சத்துக்கு ஃபோட்டோரெக். அது பேரைத் தேடாது, ஃபைலின் தலைப்பகுதியைத்தான் தேடும். அந்த நோக்கியா போன் பதிந்த ஏஎம்ஆர் என்ற வகை ஒலி ஃபைல் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி எழுத்துகளோடுதான் தொடங்குமாம். அதை வைத்துக்கொண்டு 500 ஜிபியையும் துழாவியது. மீட்பதை அதே டிஸ்கில் சேமிக்கக்கூடாது என்று வேறொரு டிரைவில் சேமித்தான். சாயங்காலம் ஆரம்பித்து, முடியும்போது ராத்திரி பதினொன்று.

பேர் இல்லாமல் வெறும் எண்களாக வந்ததால் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. எப்போதோ அழித்த பதிவுகள், பாதியில் அறுந்தவை, வெறும் இரைச்சல். நடுவில் திடீரென்று "ஏஞ்சாமி, சாப்டயா?" என்று அம்மிச்சி கேட்டதும் அக்கா மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

என் சி டிரைவ் எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் போலச் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற வகை. அங்கே இருந்திருந்தால் அநேகமாக எதுவும் கிடைத்திருக்காது என்றான். ட்ரிம் என்று ஒன்று இருக்கிறதாம். டெலீட் செய்ததுமே ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அதைத் தானே சுத்தம் செய்துவிடும். எஸ்எஸ்டி கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

17-இல் 14 முழுசாகக் கிடைத்தன. இரண்டு பென்டிரைவில் ஏற்றி ஒன்றை அக்காவிடமும் ஒன்றைப் பெரியம்மாவிடமும் கொடுத்திருக்கிறேன். இரண்டு போயே போய்விட்டன. இன்னொன்று, சந்தகை மாவுப் பதிவு, "தண்ணி கொதி வந்ததும்" என்ற இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எப்படிச் செய்ய வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதி, அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.