அக்கி, சளி, தலைவலி: தனித்தனி வாசல்கள்

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு நேராக வருகிறவர்கள் குறைவு. பத்து வாசல் ஏறி இறங்கி, கடைசியில்தான் அனுப்பப்படுகிறார்கள்.

எச்.ஐ.வி. புகுந்த 2 முதல் 4 வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, மேலெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு வரும். ஐப்பசி மழையில் தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? டெங்கு பார்ப்பார்கள், டைபாய்டு பார்ப்பார்கள். அதற்குள் தானாக வடிந்துவிடும். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பதும் அடுத்தவருக்கு எளிதாகத் தொற்றுவதும் அப்போதுதான். விரைவுப் பரிசோதனை தேடுவதோ எதிர்ப்புப் பொருளை. அது ஊறுவதற்குள் எடுத்தால் ‘இல்லை’ என்றே வரும். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வது இதனால்தான். ‘இல்லை’ என்ற சீட்டோடு போனவர் திரும்புவது அபூர்வம்.

பிறகு சராசரியாக 8 முதல் 10 வருடம் ஒன்றும் தெரியாது. நடவு, அறுப்பு எல்லாம் நடக்கும். உள்ளே வைரஸ் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் பெருகும். சாகிற சிடி4 அணுக்களை, அதாவது எதிர்ப்புச் சக்தியை நடத்தும் வெள்ளை அணுக்களை, உடம்பு புதிதாகச் செய்து ஈடுகட்டும். மேட்டூரில் வரத்தைவிடத் திறப்பு கூடினாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடத்தான் செய்யும், அணை இறங்குவது கடைமடைக்குத் தெரியாது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய சிடி4 எண்ணிக்கை வருடத்துக்கு 50, 100 என்று இறங்கும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் வேலை சுலபம்: 2017 முதல் சிடி4 எத்தனை இருந்தாலும் இலவச மருந்து தொடங்கிவிடலாம்.

முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அக்கி. குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வார்கள். விலாவில் ஒரு பக்கமாக வரும் கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் எப்படியும் ஆறும், பேர் எழுதியவருக்கு. 50 வயதுக்குள் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பார்த்துவிட வேண்டும். வாயில் படிந்து, வழித்தால் வந்துவிடும் வெள்ளைப் பூஞ்சைக்கு மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் கொடுப்பார்கள். எடை குறைந்தால் சுகர் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளின் கணக்கில் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

காசநோய் சிடி4 எந்த எண்ணிக்கையில் இருந்தாலும் வரும். ஆனால் நுரையீரலில் குழி விழக் காரணமே எதிர்ப்புச் சக்திதான். அது சரிந்தவருக்குப் பெரும்பாலும் குழி விழாது, சளியை நுண்ணோக்கியில் பார்த்தாலும் கிருமி தென்படாது, எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை வரை போனால்தான் பிடிபடும்.

சிடி4 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ். வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது: நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா. 100க்குக் கீழே வாரக்கணக்கில் தலைவலி என்றால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கழுத்து விறைக்காமலும் இருக்கும். 50க்குக் கீழே கண்பார்வை போகலாம்.

இந்த நிலையில் வருகிறவருக்கு அன்றைக்கே ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்தனுப்ப முடியாது. காசநோய் இருந்தால் முதலில் அதற்கு மருந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால், திரும்பி வரும் எதிர்ப்புச் சக்தியே ஒளிந்திருக்கும் கிருமிமேல் பாய்ந்து மூளையில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதும் இந்த மாதிரி நேரத்தில்தான்.