சாவில் ரோவில் குனிந்து பாருங்கள்

டெய்லர் கடைகளுக்குப் பேர்போன லண்டன் தெருவான சாவில் ரோவுக்கு வருகிறவர்கள் 3-ஆம் எண் வீட்டின் மொட்டை மாடியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். 1969 ஜனவரி 30 அன்று பீட்டில்ஸ் குழு அங்கே நின்று பாடியது. அந்தத் தெருவில் நான் குனிந்து பார்க்கிற ஆள்.

நடைபாதைக்கும் சுவருக்கும் நடுவே இரும்புக் கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஜன்னல். ஒரு ஜன்னலுக்குள் நரைத்த தலைக்காரர் ஒருவர் மடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு காலருக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப், விரலில் அங்குஸ்தான். நான் நின்றதை அவர் கவனிக்கவேயில்லை.

1731-க்கும் 1735-க்கும் இடையில், பர்லிங்டன் பிரபுவின் நிலத்தில் குடியிருக்கக் கட்டிய வீடுகள் இவை. தெருவுக்கு அவர் மனைவி டோரதி சாவிலின் பெயர். ராணுவ அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் குடியிருந்தார்கள். நாடகாசிரியர் ஷெரிடன் 14-ஆம் எண்ணில் இருந்தார். வேலைக்காரர்களுக்கும் சமையலுக்கும் கரிக்கும் நிலவறை.

19-ஆம் நூற்றாண்டில் டெய்லர்கள் வந்தார்கள். துரை விருந்தாளியை உட்காரவைத்த கூடத்தில் வாடிக்கையாளருக்கு அளவு எடுத்தார்கள், சமையல் நடந்த இடத்தில் தைத்தார்கள். அதாவது ஆள் மாறியது, மேல் கீழ் மாறவில்லை. வெளிச்சம்தான் பெரிய தலைவலி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிப் பாருங்கள், தெரியும். அதனால் பல வீடுகளின் முகப்பை உடைத்துப் பெரிய கண்ணாடி வைத்தார்கள்.

பாரம்பரியக் கட்டடம் என்றால் எல்லோரும் கூரைப் பூவேலையையும் கணப்படுப்பையும்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பள்ளத்து ஜன்னல்தான் அழகு. அப்பா டெய்லர், அதுவும் காரணமாக இருக்கலாம். அளவெடுத்துத் தைக்கும் ஒரு சூட்டுக்கு இங்கே குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று அவரிடம் போனில் சொன்னேன். “காஜாவுமா கையால?” என்றார். ஆமாம் என்றதும், “அப்ப என்ன விலை சொன்னாலும் கம்மிதான்” என்றார். விலையைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று. முன்பெல்லாம் இங்கே பல கடைகள் ஜன்னலைத் திரை போட்டு மறைத்தே வைத்திருந்தன. டாமி நட்டர் என்ற டெய்லர் 1969-இல் 35ஏ-யில் கடை திறந்து, ஜன்னலைத் திறந்து காட்டினார். இப்போது தெரு முழுக்கக் கண்ணாடிக்குள் பொம்மைகள். அவை எங்கேயும் போகாது. தைக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் போங்கள்.