ஏழடி அகல வீட்டில் ஒரு குளிர்காலம்

மந்தைவெளியில் வளர்ந்தவனுக்குக் கால்வாய் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்ட வேண்டிய இடம். பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போனதாகத் தாத்தா சொல்வார். நான் பார்த்ததெல்லாம் பறக்கும் ரயிலின் தூண்களும் ஆகாயத்தாமரையும்தான். இங்கிலாந்தில் ஒரு கால்வாயில் மூன்று மாதம் குடியிருந்தேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கொசு கடிக்கலியா?" ஜனவரியில் கொசு இல்லை. மற்ற எல்லாம் இருந்தன.

பாத் நகரத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், கோயம்புத்தூர்க்காரன், வாடகை கொடுத்து மாளாமல் நான்கு வருடம் முன்பு ஒரு நேரோபோட், அதாவது கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுக்கமான நீளப் படகு, வாங்கி அதிலேயே குடியேறினான். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று திடீரென ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "மூணு மாசம் படகைப் பாத்துக்கோ மச்சி, வாடகை எல்லாம் வேண்டாம். பதினாலு நாளைக்கு ஒரு தடவை நகர்த்தினாப் போதும்" என்றான். என் வீட்டு ஒப்பந்தமும் டிசம்பரோடு முடிந்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வார இறுதியில் எனக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். அந்த நாட்டுக் கால்வாய்கள் பலவற்றில் லாக்குகள், அதாவது கதவை மூடித் தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள், 7 அடி அகலத்தில் கட்டப்பட்டவை. அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் படகுக்கு அந்த அளவு. நண்பனுடையது 57 அடி நீளம். உள்ளே சுவர்ப் பலகை, காப்பு எல்லாம் போக நிற்க மிஞ்சுவது ஆறடி அகலம். நம் ரயிலில் ஒரு பெட்டியின் நடைபாதையை மட்டும் வெட்டி எடுத்து அதற்குள் சமையலறை, குளியலறை, கட்டில், கணப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் குளிக்கப் போக வேண்டும் என்றால் முதலாமவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். நான் தனி ஆள், அதனால் எக்க வேண்டியிருக்கவில்லை.

படகு கிடந்தது கென்னட் அண்ட் ஏவான் கால்வாயில், பாத்துக்கும் பிராட்ஃபோர்டு ஆன் ஏவானுக்கும் இடையில். 9 மைல் தூரம் ஒரு லாக்கூட இல்லாத நீட்சி. கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜான் ரென்னி என்ற பொறியாளர் வடிவமைத்து 1810இல் முழுதாகத் திறந்த கால்வாய் இது. ரயில் வந்ததும் சரக்கு குறைந்தது. 1852இல் ரயில் நிறுவனமே இதை வாங்கிப்போட்டது. அப்புறம் வழக்கமான கதை: தூர்ந்து, கசிந்து, சில இடங்களில் சுத்தமாக வறண்டு கிடந்ததைத் தன்னார்வலர்கள் பல வருடம் சேற்றில் இறங்கி மீட்டார்கள். 1990இல் ராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். மந்தைவெளியிலிருந்து வந்தவனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்தது.

முதல் வாரம் முழுக்க எனக்குப் படகில் ஒரே வேலை, எண்ணுவது. தண்ணீர்த் தொட்டி 400 லிட்டர். விளக்கு, மடிக்கணினி, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு எல்லாமே பேட்டரியில் ஓடுகின்றன. கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, ஆனால் ஜனவரி மாத இங்கிலாந்துச் சூரியன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடும் அரசு ஊழியர் மாதிரி. ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்ப வேண்டும், அதுவும் இரவு 8 மணிக்கு முன்னால். இரவு 8 முதல் காலை 8 வரை கட்டிக்கிடக்கும் படகில் இன்ஜின் சத்தம் கூடாது. சமைக்க கேஸ் சிலிண்டர். குளிருக்கு நிலக்கரி. எது எப்போது தீரும் என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்தவன். ஒரு சொம்பில் பாத்திரம் கழுவ அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நண்பன் இரண்டு வாரம் வரும் என்று சொன்ன தண்ணீர் எனக்கு மூன்று வாரம் வந்தது. இதைப் பெருமையாக அவனுக்கு வாட்ஸப்பில் சொன்னபோது, "குளிக்கிறியா இல்லியா?" என்று பதில் வந்தது.

கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் படகு வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் பொய்யர்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கேசட் என்கிறார்கள். தனி ஆளுக்கு நான்கைந்து நாளில் நிரம்பும். நிரம்பியதும் வெளியே இழுத்து, சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, அதற்கென்று கால்வாயோரம் இருக்கும் கொட்டுமிடத்துக்கு நாமே கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவ வேண்டும். வரிசையில் முன்னால் நிற்பவர் சிரித்த முகமாக "நல்ல வானிலை, இல்லையா?" என்பார். இரண்டு பேர் கையிலும் அவரவர் பெட்டி. முதல் தடவை எனக்குக் குமட்டியது. ஐந்தாவது தடவை நானே வானிலையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினேன். நம் ஊரில் இந்த வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது அந்தக் குழாயடியில் நிற்கும்போது நினைவுக்கு வராமல் இருக்காது.

குளிர்தான் பெரிய எதிரி என்று நினைத்துப் போனேன். உண்மையில் ஈரம்தான். படகு இரும்பு; கணப்பை மூட்டினால் முன் அறை சித்திரை மாதம் போலாகிவிடும், கடைசியில் இருக்கும் படுக்கையறை மார்கழியிலேயே நிற்கும். மூச்சுக் காற்று, சமையல் ஆவி எல்லாம் ஜன்னல் சட்டங்களில் நீராக வழியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாக இட்லி அவித்தேன். மாவு கணப்புக்கு அருகில் வைத்ததில் அருமையாகப் பொங்கியிருந்தது. அந்தக் குளிரில் மாவு புளிக்கவைக்க அடுக்ககத்தில் நான் பட்ட பாட்டுக்கு இது சொர்க்கம். ஆனால் இரண்டாம் ஈடு இறக்கும்போது ஜன்னல்களில் மழை. மெத்தைக்கு அடியில் தூக்கிப் பார்த்தால் பலகையில் கறுப்புப் பூஞ்சை. அதற்குப் பிறகு தோசைதான். குக்கர் விசிலுக்கோ வேறு விளைவு: மூன்றாவது விசிலில் பக்கத்துப் படகுக்காரர் பதறி ஓடிவந்து, இன்ஜின் ஏதாவது வெடிக்கப்போகிறதா என்று கேட்டார். சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் கிண்ணத்தில் விறகுச் சிராய் வந்தது, அடுப்புப் பற்றவைக்க.

நிலக்கரி தீர்ந்தால் கடைக்குப் போக வேண்டாம். கரி, டீசல், சிலிண்டர் ஏற்றிக்கொண்டு ஒரு படகு அவ்வப்போது வரும். தெருவில் உப்பு வண்டி வருவது போலத்தான். கையைக் காட்டினால் பக்கத்தில் ஒட்டி நின்று மூட்டையைக் கூரையில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

இனி அந்தப் பதினாலு நாள் கணக்கு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, அதில்தான் காலங்காலமாகத் தகராறு. 2012 முதல் இந்தக் கால்வாய்களைக் கவனித்துக்கொள்வது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அவர்களுடைய ஆட்கள் கரையில் நடந்து படகு எண்களைக் குறித்துக்கொண்டு போவார்கள். கேட்க ஜாலியாக இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு புது ஊர் என்று. வேலைக்குப் போகிறவனுக்கு இதன் பொருள் வேறு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போகும் வழி மாறும். நிலையான முகவரி கிடையாது. கடிதமெல்லாம் ஒரு சிநேகிதி வீட்டுக்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகில் இருப்பவர்களை நினைத்தால் மலைப்பாக இருந்தது.

ஆனாலும் ஏவான்கிளிஃபில் கட்டிக்கிடந்த இரண்டு வாரத்துக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். அங்கே கால்வாய் ஒரு கல் பாலத்தின் மேல் ஏறி ஏவான் நதியைத் தாண்டுகிறது. பாலத்தின் நடு வளைவு எப்போதோ தொய்ந்து அப்படியே நிற்கிறது. பக்கத்திலேயே கைக்குட்டை அளவில் ஒரு ரயில் நிலையம். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைக் காட்டினால்தான் ரயில் நிற்கும். காலையில் படகின் அடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தத்தில் விழிப்பேன். வாத்துகள் இரும்பில் ஒட்டிய பாசியைக் கொத்தித் தின்னும். காபியோடு பின்பக்கம் வந்து நின்றால் பனியில் நதி தெரியாது, பாலம் மட்டும் தெரியும். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு போய் ரயிலுக்குக் கை காட்டுவேன்.

அங்கிருந்து பாத் பக்கம் போனால் டண்டாஸ் பாலம், 1805இல் கட்டி முடித்தது. கால்வாய் மேலே, நதியும் ரயில் பாதையும் கீழே. படகை ஓட்டிக்கொண்டு அதன் மேல் போகையில் கீழே ரயில் போனது; நான் ஆளுக்கு முன்னால் நடந்து போகும் நாயை முந்த முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிளாவர்டனில் 1813இல் அமைத்த ஒரு நீரேற்று நிலையம் இருக்கிறது. நதியின் ஓட்டத்திலேயே ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்தியால் நதியின் தண்ணீரையே மேலே கால்வாய்க்கு ஏற்றியிருக்கிறார்கள். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். 1952 வரை ஓடியிருக்கிறது.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டிக்கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது அதைவிடவும் மெதுவாகப் போக வேண்டும். ஏன் என்று எனக்குப் பிப்ரவரியில் புரிந்தது. மூன்று நாள் மழையில் கரை சேறாகியிருந்தது. யாரோ ஒருவர் வேகமாகப் போன அலையில் பின்பக்கக் கயிறு கட்டிய முளை பிடுங்கிக்கொண்டது. நான் உள்ளே தூங்குகிறேன். கதவை, இல்லை, கூரையைத் தடியால் தட்டும் சத்தம். எழுந்து பார்த்தால் படகின் அமரம் எதிர்க்கரையில் முட்டிக்கொண்டு, கால்வாய்க்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டதுபோல் கிடக்கிறேன். இரண்டு பக்கமும் படகுகள் காத்திருக்கின்றன. யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர் கயிற்றை வாங்கி இழுத்துக்கொடுத்து, முளையைச் சாய்த்து அடிக்கக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பைஜாமாவோடு நின்ற எனக்கு நன்றி சொல்லக்கூடப் பல் கிட்டித்துவிட்டது.

மார்ச் கடைசியில் நண்பன் திரும்பி வருவதாகச் சொன்னான். டிவைசஸ் என்ற ஊரில் படகை ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கேன் ஹில் ஏற வேண்டும்: 2 மைலில் 29 லாக், 72 மீட்டர் உயரம். நடுவில் 16 லாக்குகள் மலையில் படிக்கட்டு வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் நிற்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது பழனி அடிவாரம் ஞாபகம் வந்தது. இங்கே லாக்குகள் அகலமானவை, இரண்டு நேரோபோட் பக்கத்தில் பக்கத்தில் நுழையலாம் என்பதால் ஒரு வயதான தம்பதியோடு சேர்ந்துகொண்டேன். உள்ளே நுழைந்ததும் கீழ்க் கதவை மூட வேண்டும். இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுழற்றி மேல் மதகைத் திறந்தால் தண்ணீர் பொங்கிப் படகைத் தூக்கும். மட்டம் சமமானதும் மேல் கதவை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். அப்புறம் அடுத்தது. பத்தாவதில் உள்ளங்கை கொப்புளித்தது. இருபதாவதில் பேச்சு நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஓடும் படகில் இருந்தே கேக் துண்டை நீட்டினார், நான் என் தேங்காய் பர்பியை நீட்டினேன். ஐந்தரை மணி நேரம்.

மேலே நண்பன் நின்றிருந்தான். மூன்று மாதத்தில் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். அப்பா நன்றாக நடக்கிறாராம். படகைச் சுற்றி வந்து பெயிண்ட் உரசலை எல்லாம் தடவிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தான்.

"மச்சி, கேசட்டைக் கொட்டிட்டியா?"

நான் கையைக் காட்டினேன், கொப்புளத்தை.

"சரி விடு, நான் கொட்டுறேன்" என்று இழுத்தவன், கனத்தைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி" என்றான்.