முள் கணக்கு

ஏப்ரல் 27, ஞாயிறு

பலாமூசு வந்துவிட்டது. கொழுந்தனார் பண்ருட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார். இங்கே கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தேன். சாக்குக்குள் ஆறு பிஞ்சு, ஒவ்வொன்றும் முழங்கை நீளம்கூட இல்லை. ஒரே இடத்தில் நாலைந்து காய் பிடித்தால் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியைப் பிஞ்சிலேயே அறுத்துவிடுவார்கள். விட்டது நன்றாகப் பெருக்கும், அறுத்தது நமக்குப் பொரியல்.

இவர் டயாலிசிஸில் இருக்கிறார், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாது. அதற்காக டயட்டீஷியன் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் சிவப்பு மையில் இருக்கிறது. பலாப்பழமும் சிவப்பு. பலாமூசு தாளிலேயே இல்லை. இல்லை என்றால் சாப்பிடலாம் என்று இவர் சொல்கிறார். இல்லை என்றால் கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

கடைசியில், பொடியாக அரிந்து நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வடித்தேன். அதற்கப்புறம் அதில் என்ன ருசி இருக்கும்? கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காயைப் பேருக்குத் தூவி ஒரு கரண்டி வைத்தேன். "கோழிக்கறி மாதிரி இருக்கு" என்றார். பொய். ஆனால் தட்டைத் துடைத்து வைத்திருந்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பொட்டாசியம் 5.8. அதிகம்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தேவனாம்பட்டினத்துக் கடல் பக்கமிருந்து மத்தியானம் காற்று வந்தால்தான் இந்த வீட்டில் மூச்சு விட முடியும். இன்றைக்கு வரவில்லை. காலையில் பாட்டிலில் அளந்து வைக்கிற தண்ணீர்தான் அவருக்கு நாள் முழுக்க. மூன்று மணிக்கே பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். நான் அடுப்படியில் ஒளிந்து நின்று தண்ணீர் குடிக்கிறேன்.

மே 7, புதன்

சொல்லச் சொல்லக் கேட்காமல் கொழுந்தனார் முழுப் பழத்தையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். "அண்ணன் சாப்பிடலன்னா என்ன அண்ணி, வீட்டுக்குப் பழம் வராம இருக்கலாமா?" கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சித்திரை வைகாசிகூட இந்த வீட்டில் பலா இல்லாமல் போனதில்லை, அது உண்மைதான். தராசில் பதினெட்டு கிலோ காட்டியதாம். இன்னும் பழுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்து உருட்டி வைத்தாயிற்று.

இவர் படுத்தபடியே கையை நீட்டி அதைத் தட்டிப் பார்க்கிறார். சத்தம் இறுகலாகக் கேட்டால் காய், மந்தமாக 'தொப்' என்று கேட்டால் பழம். முள் கூர்மை மழுங்கி, ஒன்றுக்கொன்று விலகிப் படுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் பிறந்த வீடு முதுநகர், துறைமுகப் பக்கம். எங்களுக்கு மீனைப் பார்த்து வாங்கத் தெரியும், பழம் தெரியாது.

மே 9, வெள்ளி

டயாலிசிஸ் மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் அந்த ஹாலில் பேசுவது எல்லாம் சாப்பாடுதான். வியாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நெய்வேலிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டு அவர் அம்மா வைப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டையை முதலில் வறுத்து, மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, புளி கொதித்ததும் போடணுமாம். கருவாடு கடைசியில். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா, "வறுக்கக் கூடாது, அவிக்கணும்" என்றார். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர், "மாங்காய் போடலன்னா அது குழம்பே இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று பேருக்கும் கருவாடு கூடாது. உப்பு. நர்ஸ் பொண்ணு சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள்.

வரும்போது ஆட்டோவில் இவர் கேட்டார்: "நீ வறுப்பியா, அவிப்பியா?"

நாற்பது வருஷமாகச் சாப்பிட்டவருக்கு இது தெரியாதா! அவித்துத்தான் போடுவேன்.

மே 10, சனி

வாசனை வந்துவிட்டது. தெருமுனையிலேயே தெரிகிறது என்று பால்காரர் சொன்னார்.

மே 11, ஞாயிறு

வெட்டுவதற்கு முன்னால் முள்ளை எண்ண வேண்டும் என்று அடம். ரிடயர் ஆகியும் கணக்கு வாத்தியார் போகவில்லை. பழைய கணக்கு ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று வெட்டாமலே சொல்லிவிடலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே பெருக்கல் வகுத்தல் கற்றுக்கொடுத்தவர்.

பழத்தை மேஜைமேல் ஏற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சாக்பீஸால் புள்ளி வைத்து வைத்து எண்ணினார். 80. அப்படியென்றால் 96 சுளை.

கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு நான் பிளந்தேன். பால் வடிய வடியப் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, நடுத்தண்டை அரிந்து தள்ளி, நாரை விலக்கி, சுளை சுளையாகத் தாம்பாளத்தில் எடுத்து வைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து பத்துப் பத்தாகப் பிரித்தார். 83தான் வந்தது.

விடுவாரா? உடனே விளக்கம். ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவாம். பலாப்பழம் என்பது ஒரு பழம் இல்லை, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டி வளர்ந்தது. சூல் பிடித்த பூ சுளையாகிறது, பிடிக்காதது நாராகப் போகிறது. அதனால் கணக்கு சரிதான், மகரந்தம்தான் பதின்மூன்று இடத்தில் தவறிவிட்டதாம். அப்புறம் முள் மொத்தமும் எண்பதுதானா என்று கேட்டேன். காது கேட்காதது மாதிரி இருந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்கு, பால்காரருக்கு, எதிர்வீட்டு வாடகைப் பையன்களுக்கு எல்லாம் கொடுத்தனுப்பினேன். தோலையும் தண்டையும் ஆட்டுக்காரப் பெரியம்மா கூடையோடு வந்து வாரிக்கொண்டு போனார். நான் ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யாரும் வைக்காதே என்று சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று டாக்டர் சொன்னார். விரலை வைத்தால் உள்ளே தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி விர்ரென்று அதிர்கிறது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து எழுந்து நான் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் சில வாரம் போனால், இப்போதைக்கு டயாலிசிஸுக்காக வைத்திருக்கிற கழுத்துக் குழாயை எடுத்துவிடலாமாம்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. பழத்தைத் தட்டுவது இந்தக் கையாலா அந்தக் கையாலா என்று கேட்க மறந்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து ஒரு பலாக்கொட்டை விழுந்தது. மேலே வழவழவென்ற தோல்கூட இன்னும் காயவில்லை.

மே 17, சனி

கேட்கவில்லை. கழுவிக் கொட்டை டப்பாவில் போட்டேன்.

மே 18, ஞாயிறு

கேட்டிருக்க வேண்டுமோ? நூறு கிராம் சுளையில் நானூற்றைம்பது மில்லிகிராம் பொட்டாசியம் வரை இருக்கிறது. ஒரு நாளைக்கே மொத்தம் இரண்டாயிரத்துக்குள் நிற்கணும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சுளை என்ன இருக்கும், முப்பது கிராம்? ஒன்றுதானா? டப்பாவில் இருக்கிற கொட்டையை எண்ணிப் பார்க்கலாம் என்று நினைத்து, எழுந்து போய், திரும்பி வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததெல்லாம் கொட்டையோடுதானே கொடுத்தேன், கணக்கு எப்படிச் சரியாகும்?

சுளையின் எடை கூகுளில் இருக்கிறது. இவர் எத்தனை தின்றார் என்பது இல்லை.

நெஞ்சு படபடக்கிறதா என்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். "உனக்குத்தான் படபடக்குது, படு" என்றார்.

மே 20, செவ்வாய்

5.2! குறைந்திருக்கிறது. பலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்காளியையும் இளநீரையும் அடியோடு நிறுத்தியது வேலை செய்திருக்கிறது போல.

மே 22, வியாழன்

பாப்பா கோயம்புத்தூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். அவளுக்காகப் பலாப்பழப் பாயசம். சுளையைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து மசித்து, நெய்யில் ஈரம் சுண்டச் சுண்டக் கிளறி, வடிகட்டிய வெல்லப்பாகை ஊற்றி, இரண்டாம் தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் பால். சூட்டில் விட்டால் திரிந்துவிடும். சுக்கு கட்டாயம் வேண்டும், ஏலக்காய் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் குற்றமில்லை. நிறைய முந்திரி. பண்ருட்டிக்காரர் வீட்டில் முந்திரிக்குக் கஞ்சம் பிடித்தால் ஊர் சிரிக்கும்.

பாப்பா நாலு டம்ளர் குடித்தாள். அப்பா எதிரில் குடிக்கக் கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய்க் குடித்தாள். பேரன் கீழே வந்து, "தாத்தா, நாங்க மாடில பாயசம் குடிச்சோம்" என்று சொல்லிவிட்டான்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு.

மே 23, வெள்ளி

மெஷினில் பிரஷர் இறங்கிவிட்டது. காலைத் தூக்கிவைத்து, ஏதோ ஏற்றி, சரியாயிற்று. எழுத முடியவில்லை.

மே 25, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார். தோப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய விடியற்காலை. வெளிச்சம் வந்து போய்ப் பார்த்தால், தோப்பில் நிமிர்ந்து நின்றது ஒரே ஒரு பலாதான். அதுவும் மாமனாருடைய தாத்தா கொட்டை போட்டு முளைத்தது என்பார்கள். முந்திரி மொத்தமும் வேரோடு சாய்ந்துவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் பாலூர் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகள், அவையும் நன்றாகத்தான் காய்க்கின்றன. ஆனால் நின்ற மரத்தில் அடியில், மண்ணை முட்டிக்கொண்டு, வேர்ப்பலா காய்க்கும். அதற்கு ஈடு கிடையாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அண்ணன் தம்பி ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

பண்ருட்டிப் பலாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதாம். மண்டியில் விலை ஏறியதா என்று இவர் கேட்டார். "எங்க ஏறுது?" என்றார் கொழுந்தனார். சீசனில் ஒரே நேரத்தில் அத்தனை லாரியும் வந்து நின்றால் வியாபாரி வைத்ததுதான் விலை.

அவர்கள் பேசப் பேச நான் கொட்டைக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தேன். மண்ணைக் குழைத்துத் தடவி நிழலில் உலர்த்தி மண்பானையில் போட்டு வைத்தால் மழைக்காலம் வரை முளைக்காமல், சுருங்காமல் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் சுட்டுத் தின்ன ஆகும். ஐப்பசி என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன்.

மே 28, புதன்

அக்னி முடிந்தது என்கிறது காலண்டர். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மே 30, வெள்ளி

டயட்டீஷியனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "மெஷினுக்கு வர்ற நாள்ல, சின்னதா ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு வேற பழம் எதுவும் கிடையாது. அடுத்த ரிப்போர்ட் ஏறினா அதுவும் கிடையாது. இது இவருக்கு மட்டும், பக்கத்து பெட்காரருக்குச் சொல்லாதீங்க."

ஜூன் 3, செவ்வாய்

எவர்சில்வர் டப்பாவில் ஒரே ஒரு சுளை. ஹாலில் மூடியைத் திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்குள்ளேயே. முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார். நுனியில் இருந்த நாரை நகத்தால் கிள்ளி எடுத்தார். சுளையைப் பிளந்து கொட்டையை எடுத்து என் கையில் வைத்தார். சதையை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து, ஒன்றை வாயில் போட்டு மெல்லாமல் வைத்திருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது துண்டை என்னிடம் நீட்டினார்.

நீங்களே சாப்பிடுங்க என்றேன். "அளவு தாண்டிடும்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். இந்த சீசனில் எனக்கு அதுதான் முதல். கொஞ்சம் பழுத்து இறங்கிய சுளை, தித்திப்பு ஒரு பிடி ஜாஸ்தி. கொழுந்தனாரிடம் சொல்லணும், ஒரு நாள் முன்னாலேயே இறக்கச் சொல்லி.

ஜூன் 5, வியாழன்

வேர்ப்பலா முற்றிவிட்டதாம். கொழுந்தனார் போன். அறுத்துக் கொண்டுவரட்டுமா என்றால் இவர் வேண்டாம் என்கிறார். தோப்புக்கே போகணுமாம், மண்ணில் கிடக்கும்போதே முள்ளை எண்ணணுமாம். போன தடவை தப்பியது வெட்டி வந்த பழம் என்பதாலாம்! பாப்பா போனில் கத்துகிறாள். கழுத்துக் குழாயோடு தூசியில் போகலாமா என்று டாக்டரிடம் நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனால் ஞாயிறு. விடியற்காலையில் வெயிலுக்கு முன்னால் கிளம்பணும். வண்டிக்குச் சொல்லியாயிற்று. சாக்பீஸ் தேடிக்கொண்டிருக்கிறார், நான் மாத்திரைப் பையை.