சதுரப் பெட்டியில் செத்த மீனும் லூயிஸ்வில் ஏரியும்

போன வருடம் ஜூலையில் நானும் நண்பனும் கைடு யாரும் இல்லாமல் டெக்சஸ் லூயிஸ்வில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய், ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பி வந்தோம். இரைக்கு ஷேட் என்ற சின்ன மீனைக் கரையோரம் வலை வீசி முப்பது நாற்பது பிடித்தோம், அதுவரை எல்லாம் சரி. பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் ஐஸ்பெட்டியில் ஏரித் தண்ணீரை ஊற்றி அதில் விட்டுவிட்டு, காப்பி குடித்து வந்து மூடியைத் திறந்தால் பாதி மல்லாந்து கிடக்கிறது. ஒன்பது மணிக்குள் மிச்சமும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பிடிக்கப் போன ஹைப்ரிட் பாஸ் மீன் செத்த இரையைத் தின்னாதா என்றால், தின்னும்தான். எங்களுடையதைத் தின்னவில்லை.

இந்த வருடம் ஒழுங்காக ஒரு கைடைப் பிடித்தோம். டாலஸுக்கு வடக்கே, எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேர ஓட்டம். படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து, கும்மிருட்டு, அந்த நேரத்திலேயே இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடிக்கிறது.

படகின் பின்பக்கம் அண்டா மாதிரி ஒரு வட்டத் தொட்டி. உள்ளே பம்பு போட்டுத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏன் வட்டம் என்று கேட்டேன். ஷேட் நிற்காமல் நீந்துகிற மீன், சதுரப் பெட்டியில் விட்டால் மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று அடைந்து சாகும் என்றார் கைடு. நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் கல்லுப்பு இரண்டு கை அள்ளிப் போட்டார், வலையில் உரசிச் செதில் உதிர்ந்த மீன் அதில் கொஞ்சம் தேறுமாம். சூட்டைக் குறைக்க உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மூடியோடு அப்படியே மிதக்கவிட்டார். ஐஸைக் கொட்டினால் குழாய்த் தண்ணீரின் குளோரின் கலந்துவிடும்.

கும்பகோணம் பக்கம் வாய்க்காலில் மாமா வீச்சு வலை போடும்போது கூடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தத் தைரியத்தில் வலையை வாங்கி ஒரு வீச்சு வீசினேன். பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தது. கைடு ஒன்றும் சொல்லாமல் வலையை வாங்கிக்கொண்டார். அவர் வீசியபோது அது முழு வட்டமாக விரிந்து இறங்க, வெள்ளி வெள்ளியாக ஷேட் துள்ளிக்கொண்டு வந்தது. நம் மத்தி, உல்லம் எல்லாவற்றுக்கும் சொந்தக்கார மீன். கையில் எடுத்தால் வழவழவென்று செதில் ஒட்டிக்கொள்கிறது, பத்து விநாடி பிடித்துவைத்தால் சோர்ந்துவிடுகிறது.

ஹைப்ரிட் என்பது கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் ஸ்ட்ரைப்டு பாஸையும் ஆற்று மீனான ஒயிட் பாஸையும் கலந்து மனிதன் உண்டாக்கிய மீன். 1960களில் தெற்கு கரோலினாவில் தொடங்கிய வேலை. ஏரிகளில் அது தானாகப் பெருகுவதில்லை, பண்ணையில் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டும். வெந்நீர் போலச் சுடும் டெக்சஸ் ஏரிகளில் ஸ்ட்ரைப்டு பாஸ் திணறும், இது தாக்குப்பிடிக்கும், அதனால்தான் இங்கே இதை விடுகிறார்கள்.

வெயில் காலத்தில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே சூடான லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த கனமான தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சோனார் திரையில் இருபத்தைந்து அடியில் புகைக்கோடு போல அந்த எல்லை தெரிந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு மீன் இல்லை. கைடு போய் நின்ற இடம் தண்ணீருக்கடியில் கிடக்கும் ஒரு பழைய அணைக்கரை: 1920களில் கட்டியது, 1950களில் புது அணை வந்ததும் உடைத்துவிட்டு இரண்டு ஏரியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மேட்டின் ஓரமாக, கோட்டுக்குச் சற்று மேலே, திரையில் அடுக்கடுக்காக வளைவுகள், ஒவ்வொன்றும் ஒரு மீன்.

ஷேட்டின் மூக்குத் துளையில் முள்ளை ஏற்றி, ஈயக்குண்டோடு நேர்கீழே இறக்கி, தூண்டில் கம்பைத் தாங்கியில் செருகினோம். இரை மிரண்டு துடிப்பது கம்பின் நுனியில் தெரியும். திடீரென்று அந்தத் துடிப்பு வேகமெடுக்கும், அடுத்த நொடி கம்பு பாதிவரை தண்ணீருக்குள். நான் பாய்ந்துபோய் ஊர்ப் பழக்கத்தில் சுண்டி இழுத்தேன். போச்சு. இது சர்க்கிள் ஹூக், உள்பக்கம் வளைந்த முள், மீன் தானாகத் திரும்பி ஓடும்போது வாயோரத்தில் போய் மாட்டும், நாம் சுண்டினால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டாவதையும் அப்படியே விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், கம்பு நன்றாக வளைந்தபிறகு மெதுவாகச் சுற்றினேன். ரீல் கிர்ரென்று கத்திக்கொண்டே நூலைக் கொடுத்தது, மூன்று தடவை மேலே வந்து மூன்று தடவையும் அடிக்குப் போனது.

இருபத்திரண்டு அங்குலம். பக்கவாட்டுக் கோடுகள் நடுவில் உடைந்து உடைந்து இருந்தன. கைடு வாயைத் திறந்து நாக்கைத் தடவிப் பார்க்கச் சொன்னார், பின்பக்கம் உப்புத்தாள் போல இரண்டு சொரசொரப்புத் திட்டுகள். ஒயிட் பாஸுக்கு ஒன்றுதானாம். இங்கே ஹைப்ரிட் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து. இந்தச் சூட்டில் போராடி மேலே வந்த மீனைத் திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது, அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து மீன் ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது அவர் வழக்கம். எட்டரை மணிக்கே பத்து மீன் ஆகிவிட்டது.

கரையேறியதும் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீர் முழுவதையும் வடித்தார். ஜீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பி அடுத்த ஏரிக்குத் தொற்றாமல் இருக்க இங்கே அது சட்டம். மேசையில் மீனைப் போட்டு, கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கச் சதையைச் சீவி, நடுவே ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் வழித்துவிட்டு, தலையும் முள்ளுமாக வாளியில் தூக்கிப் போட்டார்.

அதைப் போடாதீர்கள், தலை எங்களுக்கு வேண்டும் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணோடா?

கண்ணோடுதான்.