“சரியாயிடுச்சுங்க”

இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அந்த நோயாளிக்கு. தாளத்தைச் சீராக்க, மயக்கம் கொடுத்து மார்பில் மின் ஷாக் கொடுத்திருந்தோம். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “சரியாயிடுச்சா டாக்டர்?”

“சரியாயிடுச்சுங்க ஐயா” என்றேன். மானிட்டரில், மேலறை சீராகத் துடிப்பதைக் காட்டும் பி அலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பொய் சொல்லவில்லை.

12ஆம் நாள் வந்தார். நாடி பழையபடி தாறுமாறு. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை ஐந்து நாளாக நிறுத்தியிருந்தார். “சரியாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஷாக் கொடுத்த அன்றைய இ.சி.ஜி. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் ஷாக் 150 ஜூல். நான்கே துடிப்பு சைனஸ், அதாவது இயல்பான தாளம்; அடுத்து, முந்தைய துடிப்பின் கடைசி அலையான டி அலை மேல் ஏறி, நேரத்துக்கு முந்திய ஒரு மேலறைத் துடிப்பு; உடனே ஃபிப்ரிலேஷன். இரண்டாவது ஷாக் 200 ஜூல்; அதில் சைனஸ் நிலைத்தது. ‘முதல் ஷாக் பிடிக்கவில்லை’ என்று எழுதிவைத்திருந்தோம். அது தப்பு. ஒரு துடிப்புகூட சைனஸ் வராதபோதுதான் ஷாக் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது ஜூல் அளவை ஏற்றலாம், ஷாக் பேடுகளை மார்பு, முதுகு என்று மாற்றலாம், அழுத்திப் பிடிக்கலாம். வந்த தாளம் சில நொடியில் போய்விட்டால், தூண்டிவிடும் அந்த முந்திய துடிப்பை அடக்க வேண்டும். அமியோடரோன் மாதிரி தாள மருந்து ஒன்றை ஏற்றிவிட்டு ஷாக் கொடுப்பது மேல். இரண்டாவது ஷாக்கில் தாளம் நிலைத்தது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம்.

மருந்து ஏற்றியிருந்தாலும் திரும்பியிருக்கும் என்றும் தோன்றுகிறது. எட்டு மாதப் பழைய ஃபிப்ரிலேஷன், எக்கோவில் இடது மேலறை 48 மி.மீ., அடங்காத ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்காத குறட்டை. விரிந்து தழும்பேறிய சுவரை ஷாக் என்ன செய்யும்? தாள மருந்தில்லாமல் விட்டால் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது, அதிலும் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே.

உறுத்துவது மாத்திரைதான். தாளம் திரும்பினாலும் மேலறை சில வாரம் மரத்துப்போய்க் கிடக்கும்; உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம்; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் எல்லோருக்கும் குறைந்தது நான்கு வாரம் மாத்திரை. 68 வயது, சர்க்கரை, அழுத்தம் என்றிருக்கும் அவருக்கோ நிரந்தரமாக, தாளம் எதுவானாலும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. ஏழாவது வரியில்.

இப்போதெல்லாம் “தாளம் திரும்பியிருக்கு, நிலைக்குதான்னு பார்க்கணும்” என்கிறேன். “அப்ப எதுக்கு ஷாக்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தாளம் சீரானால் மூச்சுவாங்கல் குறைகிறதா என்று தெரியும். குறைந்தால், ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் இடங்களைச் சுட்டு அடக்கும் அப்லேஷனுக்கு அர்த்தம் உண்டு.

அவருக்குக் குறைந்ததா? பக்கவாதம் வரவில்லை என்ற நிம்மதியில் நான் கேட்கவேயில்லை.