டெல்லி, ரியாத், குட்டியானை

“இடமில்லை மாமா” என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 2025 ஜூனில் அந்த நாட்களில் நான் பகுதி நேர நிருபராக இருக்கும் நாளிதழின் மாவட்டப் பக்கம் முழுக்கத் தண்ணீர்ச் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரை 12-ஆம் தேதி திறந்தார்கள், கல்லணையை 15-ஆம் தேதி. வெண்ணாற்றில் எவ்வளவு விட்டார்கள், கடைமடைக்கு எப்போது வந்து சேரும், வாய்க்கால் தூர் வாரிய லட்சணம் என்ன, குறுவைக்கு விதைநெல் இருக்கிறதா என்று பக்கம் நிரம்பி வழிந்தது. அதற்கு நடுவே காஸாவுக்காக எங்கள் ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு எட்டு வரி கிடைத்ததே பெரிய விஷயம்.

அந்த எட்டில் இரண்டு வரி மாமா சொன்னது. அவர் குறை சொன்னது மூன்று இடத்தை. அச்சில் வந்தது ஒன்று.

ஜும்ஆ தொழுகை முடிந்து கடைத்தெருவில் நடந்த கூட்டம். ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை சரக்கு வண்டி மேல் ஏறி நின்று உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஐநா பொதுச் சபையில் ஜூன் 12 அன்று போர்நிறுத்தத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 19 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. அகமதாபாத்தில் விமானம் விழுந்த அதே நாள் என்பதால் பலருக்கு இந்தச் செய்தியே கூட்டத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். யாசர் அரஃபாத்தின் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அரபு அல்லாத நாடுகளில் முதன்முதலாக 1974-இல் அங்கீகரித்த நாடு, 1988-இல் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக ஏற்ற நாடு, இன்றைக்கு இப்படி நிற்கலாமா என்பதுதான் எல்லாப் பேச்சின் சாரமும். நியாயமான கேள்விதான். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பொதுமக்கள் கருத்து என்று ஒன்று வேண்டுமே என்று கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாமாவிடம் போனேன். பழைய சபுராளி, வெளிநாட்டில் சம்பாதித்தவர். எழுபதுகளின் கடைசியில் சவூதி போய், தலை நரைத்துத் திரும்பியவர். ஜமாஅத்தில் எந்தப் பொறுப்பிலும் இல்லை, எந்தக் கட்சி அட்டையும் வைத்திருக்கவில்லை. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

“மூணு பேரு மாப்ளே, மூணையும் சேர்த்து எழுதிக்க” என்றார். “டெல்லி, ரியாத், இந்தக் குட்டியானை. டெல்லி கை தூக்கல. சரி, அவங்ககிட்ட நான் பெருசா எதிர்பார்க்கல. ரியாத்துல 2023 நவம்பர்ல கூடினாங்க, 2024 நவம்பர்ல கூடினாங்க. தீர்மானம் போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. எண்ணெய் ஒரு நாள் நின்னுச்சா? இதோ மேல நிக்கிறாங்களே, கூட்டணியில ஒரு சீட்டு கூடக் கேட்கும்போது இவங்களுக்கு வர்ற ரோஷத்துல பாதி இதுல வந்திருக்கா? தேர்தல் வருது, வண்டி வந்திருக்கு.”

நிதானமாகத்தான் சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். டெல்லியைப் பற்றிய பகுதியை மட்டும் அனுப்பினேன்.

ஏன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவருடைய மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அங்கே இதற்காக ஒரு ஊர்வலம்கூடப் போக முடியாது. 2020-லேயே இஸ்ரேலுடன் கைகுலுக்கிய நாடு. அரபு ஆட்சியாளர்களைத் திட்டி அப்பா பெயர் போட்டுச் செய்தி வந்து, அதை யாராவது போனில் சுற்றவிட்டு, அது போய்ச் சேர வேண்டாத இடத்துக்குப் போனால்? இப்படி நடக்க வாய்ப்பு மிகவும் குறைவு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அது ஒரே சம்பளம்.

சரி, அப்படியானால் குட்டியானை? அதற்கும் துபாய்க்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் வழுக்குகிறேன். டெஸ்க்கில் இருப்பவர் அன்று காலை போனிலேயே சொல்லியிருந்தார்: “உங்க ஆளுங்க போராட்டமா? நீட்டாதீங்க, சுருக்கமா அனுப்புங்க.” அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த “உங்க ஆளுங்க” என்னோடு எல்லாச் செய்திக்கும் கூடவே வருகிறது. கோயில் குடமுழுக்கை நான் முக்கால் பக்கம் அனுப்பினால் யாரும் எதுவும் சொல்வதில்லை, ஜமாஅத் கூட்டம் என்றால் நானே கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரைக் குறை சொல்வதை எங்கள் ஆளான நானே எழுத வேண்டுமா என்றும் இருந்தது.

அப்புறம் விளம்பரம். பகுதி நேர நிருபர் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: செய்திக்கு வரி கணக்கு, விளம்பரத்துக்குக் கமிஷன், வீடு ஓடுவது இரண்டாவதில். குட்டியானை மேல் நின்றவர்களில் ஒருவருடைய இல்லத் திருமண அழைப்பு அதே பக்கத்தில் கால் பக்கத்துக்கு வந்திருந்தது. நான் பிடித்த விளம்பரம்தான். அதற்காக வெட்டினேனா? இல்லை என்றே நினைக்கிறேன். அனுப்பும்போது அந்த விளம்பரம் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

மறுநாள் லெட்சுமாங்குடி டீக்கடையில் மாமா என் எதிரே உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

“மீதி ரெண்டு எங்கே?”

“இடமில்லை மாமா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. வலது கையை விரித்து, கட்டைவிரலை மணமகன் தலைக்கு மேல் இருந்த கட்சிக் கொடியில் வைத்து, சுண்டுவிரலை அடியில் இருந்த ‘அன்புடன் அழைக்கும்’ வரைக்கும் நீட்டினார். முழுசாக ஒரு சாண். அப்புறம் அதே கையைத் தன் பெயர் வந்த இரண்டு வரி மேல் வைத்தார். ஒரு விரல் மறைத்துவிட்டது.

“இடம் இருந்திருக்கே மாப்ளே” என்றார்.

அவருக்கு வந்த கோபம் செய்தி சிறியதாக வந்ததில் இல்லை. அதற்குள் அந்த இரண்டு வரியை வெட்டி, பக்கத்தில் தலைவர் படத்தை ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். ‘பெரியவர் முழக்கம்’ என்று மேலே பெரிய எழுத்து. யாரைக் குறை சொன்னாரோ அவர்களுடைய கொடிக்குக் கீழேயே அவர் நிற்கும்படி ஆகிவிட்டது. “நான் அவங்களுக்குக் குரல் கொடுத்த மாதிரி ஆயிடுச்சுல்ல” என்று மட்டும் கேட்டார். நான் மகன் பேரை எடுத்தேன். “அவன் விஷயத்தை நான் பார்த்துக்கறேன், நீ உன் விஷயத்தைச் சொல்லு” என்றார். அதற்கு நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ பதில்களை வண்டி ஓட்டும்போது தயார் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாப் பதிலும் ‘ஆனால்’ என்றுதான் தொடங்குகிறது.

இந்த ஏமாற்றம் அவருக்குப் புதிதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1920 ஆகஸ்டில் காந்தியும் சௌகத் அலியும் கும்பகோணம், நாகூர் வந்து, துருக்கி கலீஃபாவின் பதவியைக் காக்கக் கேட்ட கிலாஃபத் இயக்கத்துக்காகப் பேசினார்கள். அவருடைய பாட்டனார் நாகூர் போய்க் கேட்டு வந்தாராம், வீட்டுப் பெண்கள் நகை கழற்றிக் கொடுத்தார்களாம். 1924 மார்ச்சில் துருக்கிக்காரர்களே அந்தப் பதவியை ஒழித்துவிட்டு கலீஃபாவை நாட்டை விட்டு அனுப்பினார்கள். “இங்க நாம உண்டியல் குலுக்கிக்கிட்டிருந்தோம், அங்க அவங்க கதவைச் சாத்திட்டாங்க” என்பார், ஏதோ தான் நேரில் பார்த்தது போல. 1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தியபோது அவருக்கு வாலிப வயது. அதை நம்பியவர். அந்த எண்ணெய் விலையேற்றத்தில் வளர்ந்த நகரங்களில்தான் பிறகு அவரே கட்டடம் கட்டினார், எங்கள் ஊர் மாடி வீடுகளும் அந்தக் காசில்தான் எழுந்தன. யோசித்துப் பார்த்தால் ரியாத்தைக் கேள்வி கேட்க இந்த ஊரில் அவரைவிட உரிமை உள்ள ஆள் யார்? அந்த ஆளின் வாயைத்தான் பாதுகாப்பு என்ற பெயரில் நான் மூடினேன் என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், ஒரு பெரியவரை ஒரே செய்தியில் மூன்று பேரோடு மோதவிடாமல் காப்பாற்றினேன் என்று தோன்றும். இரண்டாவது நினைப்பு வருகிற நாளில் சாப்பாடு நன்றாக இறங்குகிறது. அதனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம்.

செப்டம்பரில் மறுபடி ஆர்ப்பாட்டம். 9-ஆம் தேதி கத்தார் தலைநகர் தோஹாவிலேயே இஸ்ரேல் குண்டு போட்டது. 15-ஆம் தேதி அரபு, இஸ்லாமிய நாட்டுத் தலைவர்கள் அங்கே கூடினார்கள், கண்டித்தார்கள். இடையில் 12-ஆம் தேதி ஐநாவில் இரு நாட்டுத் தீர்வுக்கான பிரகடனத்தை 142 நாடுகள் ஆதரித்தன, அவற்றில் இந்தியாவும் ஒன்று. இந்தத் தடவை நானாகவே மாமாவைத் தேடிப் போனேன். பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.

“டெல்லியை இந்தத் தடவை எடுத்துடு, கை தூக்கிட்டாங்க” என்றார். “தூக்கினதைச் சொல்லணும்ல. மத்த ரெண்டும் அப்படியே.”

அப்படியே அனுப்பினேன், ஒரு எழுத்து குறைக்காமல். பேப்பரில் செய்தியே வரவில்லை. எட்டு வரிகூட இல்லை. டெஸ்க்கில் கேட்டதற்கு, உள்ளூர்க் கட்சிக்காரர்களைப் பற்றி எல்லாம் எதற்கு, வம்பு என்றார்கள். மாமாவிடம் போய்ச் சொன்னேன். “பரவாயில்ல மாப்ளே” என்று சிரித்துவிட்டு, டீ சொன்னார்.

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு வெயிலில் நின்றவர்கள் பொதக்குடியிலிருந்தும் அடியக்கமங்கலத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் நின்றதே எங்கும் பதிவாகவில்லை. பாதிச் செய்தியாவது வந்திருந்தால் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். என் தொழிலில் வராத முழுச் செய்தியைவிட வந்த பாதிச் செய்தி மேல் என்று இன்னமும் நினைக்கிறேன். அதை அவரிடம் எடுத்துச் சொல்லவும் செய்தேன். கேட்டுக்கொண்டார், டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.